எட்டு வருஷத்துக்கு ஒரு நன்றிப் பூசை

என் கையெழுத்து இன்றைக்கும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். குற்றவாளி நானல்ல, தையல் மெஷின். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் ஓரறை வீட்டில் மேஜை என்று சொல்ல அது ஒன்றுதான். அம்மா அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைப்பார். பலகையின் ஓரத்தில் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். அம்மா மிதிக்க மிதிக்க என் எழுத்தும் குதிக்கும். தீபாவளி, கிறிஸ்துமஸ் நெருங்கினால் எழுத்தே இருக்காது, குதிப்பு மட்டும்தான்.

ஆனாலும் அந்த வீட்டில் நான் மேதை. அப்பா ஜூரோங் கப்பல் பட்டறையில் துரு சுரண்டும் வேலை பார்த்தார். ஊரில் இரண்டாம் வகுப்போடு நிறுத்தியவர். கம்பெனி பஸ் தவிர வேறெந்த பஸ்ஸில் போவதென்றாலும் என்னைக் கூட்டிக்கொண்டுதான் கிளம்புவார். தூரத்தில் பஸ் வரும்போதே முன்பலகையைப் படித்து, "இது நம்ம பஸ் இல்லப்பா" என்று நான் தீர்ப்புச் சொல்வேன். மருந்து பாட்டிலும் என்னிடம்தான் வரும். "மூணு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று டாக்டர் குரலில் சொல்வேன். பாதி ஊகம். யாரும் சாகவில்லை.

எங்களுக்கு நேர் மேல்வீட்டில் ஒரு கிராணி இருந்தார். அரசாங்க ஆபீஸில் எழுத்தர் வேலை, வீட்டிலும் இங்கிலீஷ். அவர் மகளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே மாதா கோயில், ஞாயிறு தமிழ்ப் பூசை. அவளுக்குச் சொந்தமாக ஒரு மேஜை, அதன்மேல் ஒரு விளக்கு, டியூஷனுக்கு வீட்டுக்கே வரும் டீச்சர். அந்த மேஜை ஆடாது என்று கேள்விப்பட்டு நான் வியந்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பள்ளியில் புது முறை வந்தது. மூன்றாம் வகுப்பு முடிவில் பிள்ளைகளைப் பிரிப்பார்கள். நன்றாகப் படிக்கிறவர்கள் ஆறு வருஷத்தில் தொடக்கப்பள்ளியை முடிப்பார்கள். மற்றவர்களுக்கு எட்டு வருஷம். வாய்மொழித் தேர்வில் ஒரு படம் காட்டினார்கள். கடற்கரையில் ஒரு குடும்பம், பாயில் கண்மூடிப் படுத்திருக்கும் அப்பா. அவர் என்ன செய்கிறார் என்று டீச்சர் கேட்டார். நான் பார்த்த வரையில் பகலில் படுத்திருக்கும் அப்பா என்றால் ஒன்றுதான். "நைட் ஷிப்ட்" என்றேன். படத்தில் இருந்தவர் பிக்னிக் வந்தவராம். பிக்னிக் போய்த் தூங்குகிற ஆளை நான் எங்கே பார்த்தேன்?

புது வருஷம் பள்ளி திறந்ததும் எங்களைக் கடைசி அறைக்கு அனுப்பினார்கள், கேன்டீன் சாக்கடைக்குப் பக்கத்தில். சுற்றிப் பார்த்தேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே பந்தடிக்கும் பயல்கள் எல்லாம் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். பந்து மட்டும்தான் இல்லை.

"டேய், இது முட்டாள் கிளாஸ் லா" என்றான் பக்கத்திலிருந்தவன். "எங்க அண்ணனும் இதுலதான் இருக்கான்."

"நான் தப்பா வந்துட்டேன். நாளைக்கு மாத்திடுவாங்க."

"எல்லாரும் முத நாள் அப்படித்தான் சொல்வாங்களாம். அண்ணன் சொன்னான்."

சாயங்காலம் அப்பா கேட்டார். "என்னடா, எந்த கிளாஸ்?"

"எட்டு வருஷம் படிக்கணுமாம்பா."

பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த கை நின்றது. "மேல்வீட்டுப் பாப்பாவுக்கு?"

"ஆறு."

அப்பா கூரையை அண்ணாந்து பார்த்தார். அதற்கு மேலேதான் கிராணி வீடு. முகம் மெல்ல மலர்ந்தது. "கிராணி மகளுக்கே ஆறு. உனக்கு எட்டா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பட்டறையில் துரு சுரண்ட வருகிறவனுக்கு ஒரு காலை நேரப் பயிற்சி. வெல்டிங்குக்குப் பொறுக்கி எடுத்தவனுக்கு மாதக்கணக்கில். கெட்டிக்காரனுக்குத்தான் நீண்ட படிப்பு என்பது அவர் கண்ணால் கண்ட உண்மை.

"அப்படி இல்லப்பா, அது வந்து..."

"சரி சரி. அடக்கமாத்தான் இருக்கணும்" என்று முதுகில் தட்டினார். அம்மா மெஷினை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

அப்பா கோயிலுக்குப் போய் நன்றிப் பூசைக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தார். பூசை தொடங்குமுன் யாருக்காக, எதற்காக என்று உபதேசியார் மைக்கில் வாசிப்பார். மொத்தக் கோயிலும் கேட்கும். ஞாயிறு காலை அக்குளில் வெங்காயம் வைத்துக்கொண்டு படுத்தேன், காய்ச்சல் வரும் என்று. சாம்பார் வாசனைதான் வந்தது. அம்மா வெங்காயத்தை எடுத்துக் கழுவிக் கூடையில் போட்டுவிட்டு, "சட்டையைப் போடு" என்றார்.

"எட்டாண்டுச் சிறப்புக் கல்விக்குத் தெரிவு செய்யப்பட்ட மகனுக்காக, நன்றியறிதலாக, பெற்றோர்" என்று உபதேசியார் வாசித்தார். 'சிறப்பு' அப்பா சேர்த்தது. முன்வரிசையில் கிராணியின் மனைவி பாதி திரும்பி, சட்டென்று பீடத்தைப் பார்த்துக்கொண்டார். அவர் மகள் முழுசாகத் திரும்பி என்னையே பார்த்தாள். பின்னால் என் வகுப்புப் பயல் ஒருவன் சிரிப்பை இருமலாக்கினான். கூரை இடிந்து விழ வேண்டும் என்று மன்றாடினேன். வெள்ளைக்காரன் கட்டிய கோயில், அசையவில்லை.

பூசை முடிந்ததும் முற்றத்தில் அப்பா லட்டுப் பெட்டியோடு நின்றார். கிராணி வந்தார். நல்ல மனிதர், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணே, யாரும் உங்ககிட்ட சொல்லலையா? எட்டு வருஷம்னா... கொஞ்சம் மெதுவா படிக்கிற பிள்ளைங்களுக்கு. தப்பா நினைக்காதீங்க."

"அப்படிங்களா சார்" என்றார் அப்பா. பிறகு பெட்டியை நீட்டினார். "லட்டு எடுத்துக்குங்க."

முற்றத்தில் மிச்சமிருந்த எல்லோருக்கும் கொடுத்தார். என்னைப் பார்த்துச் சிரித்த பயலுக்கும் ஒன்று. பெட்டி காலியான பிறகுதான் கிளம்பினோம்.

வழியில் கேட்டார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்பா."

ஒரு சந்து தாண்டினோம். "நானும் அப்படித்தான். மண்டையில ஏறாது" என்றார். கோபமே இல்லை. மூக்கும் காதும் தன்னைப்போல இருப்பதைக் கண்டுபிடித்தவர் மாதிரி சொன்னார். ஒரு அறை விட்டிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன்.

அடுத்த முறை அம்மாவுக்கு இருமல் மருந்து வந்தபோது டாக்டர் குரலோடு தயாராக நின்றேன். அப்பா பாட்டிலை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

பிறகு ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தோம், உட்லண்ட்ஸில் சித்தப்பா வீட்டுக்குப் போக. கிராணி மகளும் அங்கே இருந்தாள். தூரத்தில் பஸ் வந்தது. பலகையைப் படித்துவிட்டேன், வாயையும் திறந்துவிட்டேன்.

அப்பா அவள் பக்கம் குனிந்தார். "பாப்பா, இது உட்லண்ட்ஸ் போகுமாம்மா?"

அது போகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நானும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போகும் அங்கிள்" என்றாள். அதற்கப்புறம்தான் ஏறினேன்.