சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் ராணியைத் தேடினோம்

கோவையில் நான் வேலை பார்க்கும் மாவு மில்லில் புறாத் தொல்லை. வலை கட்டினோம், கிழிந்தது. அல்ட்ராசோனிக் கருவி வைத்தோம், அதன் மேலேயே கூடு கட்டின. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தானியக் கிடங்கில் பழக்கிய பருந்தை வைத்துப் புறா விரட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நேரில் பார்க்கப் போனேன். அதே யோசனையில் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் தப்பையும் சேர்த்துத்தான்.

சென்ட்ரலில் 6.50க்கு மெட்ரோ ஏறி டோல்கேட்டில் இறங்கும்போது 7.10. டிக்கெட் 30 ரூபாய். அங்கிருந்து கிடங்குக்கு ஐந்து கிலோமீட்டர், ஆட்டோ 150. வழியில் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டோம். கேட்டை அடைந்தபோது 7.55. எனக்கு 11.30க்குத் திரும்ப ரயில்.

பருந்துக்காரர் பெயர் தாஸ், வியாசர்பாடிக்காரர், நாற்பது வயது இருக்கும். பறவையின் பெயர் ராணி. நம்மூர்ப் பருந்தைப் பிடித்துப் பழக்குவது சட்டப்படி குற்றம். ராணி அமெரிக்கக் கண்டத்து ஹாரிஸ் வகை, கூண்டில் பிறந்தவள், பதிவுச் சான்றிதழ் இருக்கிறது. உங்களிடம் யாராவது பேரம் பேச வந்தால் முதலில் அந்தக் காகிதத்தைக் கேளுங்கள். ராணி புறாவைக் கொல்ல வேண்டியதில்லை. தினமும் வெவ்வேறு நேரத்தில் ஒரு சுற்றுப் பறந்தால் போதும், புறாக்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

பறக்கவிடும் முன் தாஸ் இரண்டு வேலை செய்வார். ஒன்று, எடை பார்ப்பது. வயிறு நிறைந்த பருந்து கைக்குத் திரும்பாது. அன்று 905 கிராம், சரியான எடை. இன்னொன்று, கால் வாரை மாற்றுவது. கட்டிவைக்கும்போது போடும் வாரின் நுனியில் கயிறு கோக்க ஒரு துளை இருக்கும். பறக்கும்போது துளை இல்லாத வார்தான் போட வேண்டும். துளை எதிலாவது மாட்டினால் பறவை தலைகீழாகத் தொங்கிச் செத்துவிடும். மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் நான் புகுந்து கெடுத்தேன். மக்காச்சோள லாரியின் தார்ப்பாயை அவிழ்த்ததும் புறாக்கள் திமுதிமுவென இறங்கின. நான் செல்போனைத் தூக்கிப் பிடித்து, "அண்ணா, இப்ப விட்டாத்தான் வீடியோல வரும், சீக்கிரம்" என்றேன்.

"இன்னா சார், கால்ல சுடுதண்ணி ஊத்திகினு வந்தியா?" என்று சிரித்தார். ஆனாலும் ராணி உட்கார்ந்திருந்த கையுறைக் கையை உயர்த்தி விட்டுவிட்டார்.

முதல் பத்து நிமிடம் அபாரம். கூரையில், லாரி மேல், எங்கும் ஒரு புறா இல்லை. பிறகு இரண்டு கள்ளப்பருந்துகள் மேலேயிருந்து ராணியைக் குத்த இறங்கின. அது அவற்றின் பேட்டை. ராணி மதிலைத் தாண்டிப் போனாள். விசிலுக்குத் திரும்பவில்லை. மணி 8.52.

தாஸ் இடுப்புப் பையைத் திறந்து பார்த்தார். துளையில்லாத வார் இரண்டும் உள்ளேயே இருந்தன.

"தொள வாரோட வுட்டுட்டேன்பா."

மதிலுக்கு அந்தப் பக்கம், கொஞ்ச தூரத்தில், சாத்தாங்காடு இரும்புச் சந்தை. எங்கு திரும்பினாலும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனைகள்.

பைக்கில் அவர் பின்னால் உட்கார்ந்து ஆன்டெனாவைப் பிடித்தேன். ராணியின் வாலில் சின்ன டிரான்ஸ்மிட்டர் இருந்தது. அவள் இருக்கும் திசையில் பிடித்தால் ரிசீவரில் பீப் உரக்கக் கேட்கும். இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவன் நான், இது என் பாடம் என்று நினைத்தேன். சந்தைக்குள் நுழைந்ததும் நாலு பக்கமும் ஒரே பீப். கம்பிக் கட்டு, தகட்டு அடுக்கு, கிரேன் எல்லாமே அலையைத் திருப்பியடித்தன. இரும்பு அப்படித்தான் செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு பீப்புக்கும் ஒரு சந்து என்று ஓடி ஐம்பது நிமிடத்தைத் தொலைத்தேன்.

"அத்த ஆஃப் பண்ணு," என்றார் தாஸ். "பர்ந்து மாட்டிகிச்சுன்னா காக்கா சும்மா வுடாது. காக்கா சத்தம் கேக்கணும்."

தகடு வெட்டும் மிஷின் போட்ட சத்தத்தில் எங்கள் பேச்சே கேட்கவில்லை. அந்தக் கடை தூத்துக்குடிக்கார அண்ணாச்சி ஒருவருடையது. தாஸ் நேராக உள்ளே போனார்.

"அண்ணாச்சி, மிஷின நிறுத்து. ஒரு உசுரு மாட்டிகினு கீது."

அவர் பதறி எழுந்தார். "யாரு? லோடுமேனா?"

"என் பர்ந்து."

"உமக்கென்ன கோட்டியா வே? லாரி நிக்கி. ஒரு குருவிக்கு மிஷின நிப்பாட்டணுமாக்கும்!"

"குருவி இல்ல, பர்ந்து."

"ரெண்டும் பறக்கதுதான வே!"

"தப்பு என்மேலதான் அண்ணாச்சி," என்றேன். "நான் அவசரப்படுத்தினேன். தலைகீழா தொங்கினா செத்துடும்."

அண்ணாச்சி தாஸின் வெறும் கையுறையைப் பார்த்தார். "ஏலே, மெயின ஆஃப் பண்ணு!" என்று உள்ளே கத்தினார். பிறகு பக்கத்துக் கடைகளுக்கும் போன் போட்டு நிறுத்தச் சொன்னார். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

சத்தம் அடங்கியது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பின்சந்திலிருந்து காக்கா. கூட்டமாக.

ராணி ஆளுயரத்துக்கு மேல் அடுக்கிய கம்பிக் கட்டில், ஒரு முனையில் இடது கால் வார் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தாள். இறக்கை விரிந்து கிடந்தது. அதே கட்டுக்குக் கிரேன் சங்கிலி மாட்டியாகிவிட்டது. கரன்ட் இருந்திருந்தால் தூக்கியிருப்பார்கள்.

நான் ஏறப் போனேன். "நீ கீயவே நில்லு," என்றார் தாஸ். செருப்பைக் கழற்றி, கம்பி உருளாதபடி ஒவ்வொரு அடியாக ஏறினார். சட்டையை அவள்மேல் போட்டு மூடி, முதலில் உடலைத் தாங்கித் தூக்கினார், அப்புறம்தான் வாரை எடுத்தார். மணி 10.05. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். உயிர் இருந்தது. இடது காலை ஊன்றவில்லை.

நேரே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். எலும்பு முறியவில்லை, சுளுக்கு என்றார். தாஸ் வழியெல்லாம் என்னைத் திட்டவில்லை. என் 11.30 ரயில் போய்விட்டது.

பார்க்கப் போகிறவர்களுக்கு: முறை பயன் தருகிறது, என் மில்லுக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன். தொப்பியும் தண்ணீரும் எடுத்துப் போங்கள். பருந்துக்காரர் கையில் வேலை இருக்கும்போது வாயைத் திறக்காதீர்கள். வீடியோ வராவிட்டால் போகட்டும். "இன்னிக்கு வேணாம்" என்று அவர் சொன்னால் ஏன் என்று கேட்காமல் திரும்பி வாருங்கள்.

நாலு வாரம் கழித்து தாஸ் ஒரு போட்டோ அனுப்பினார். ராணி இரண்டு காலையும் ஊன்றி நிற்கிறாள். கீழே ஒரே வரி: "நாளிக்கு பறக்க வுடறேன். நீ வராத."