இடது இறக்கை

கண்ணாடிக் கடையில் அவளுக்கு லென்ஸக்கா என்றுதான் பெயர். பத்தொன்பது வருடமாகக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறாள். ஒரு கீறல் விழுந்தால் லென்ஸ் குப்பைக்குத்தான். அந்தப் பயம் வேலையோடு நிற்காமல் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள். "உன் நிழலைப் பார்த்தே நீ 'யாரது'ன்னு கேப்பே" என்று புருஷன் கிண்டல் செய்வான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் தொங்கியபடி வேலை; வீட்டுக்கு வந்தால் மேஜை விளக்கடியில் பிளாஸ்டிக் விமானம் ஒட்டுவான். எட்டு மாதமாக ஒரே விமானம். கடலில் விழுந்தவர்களைத் தேடிப் போகிற பழைய ரகம். மஞ்சள் பெயின்ட் அடித்து, எண்கள் ஒட்டி முடித்து, அன்று சாயங்காலம் வாஷ் போட்டான். வாஷ் என்றால் நீர்க்கக் கரைத்த கறுப்புப் பெயின்ட். தகடுகள் சேரும் கோடுகளில் அது ஓடி நிறைந்தால்தான் பொம்மைக்கு நிஜக் களை வரும். கோட்டுக்கு வெளியே வழிந்ததை, இறுகுவதற்குள் துடைத்துவிட வேண்டும். துடைக்க ஆரம்பிக்கும் முன்பே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியோடு சாய்ந்தான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு கிடந்தான். இரண்டு மணிக்கு ஆபரேஷன். டாக்டர் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டார். அது வீட்டில் இருந்தது. நாத்தனாரை உட்காரவைத்துவிட்டு அவள் கிளம்பும்போது அவன் அவள் விரலைப் பிடித்தான்.

"அந்த வாஷைத் துடைச்சிடுறியா? விட்டா பிடிச்சுக்கும்."

"இப்ப அதுவா முக்கியம்?"

"வேற எதை நினைச்சாலும் பயமா இருக்குடி."

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. வீடு வந்து சேரும்வரை அதுவே அவள் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

ரிப்போர்ட் உடனே கிடைத்தது. மணி பதினொன்றுதான். மேஜைமேல் விமானம், இறக்கை இரண்டிலும் கறுப்பு வழிந்து, மை கலைந்த முகம் மாதிரி நின்றது. இதை இப்படியே விட்டுப் போய், அவனுக்கு ஏதாவது ஒன்று... அதற்குமேல் நினைக்க முடியவில்லை. கவிழ்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

எழுத்தில்லாத பாட்டில்கள் இரண்டு இருந்தன. காரமான வாடை அடித்ததுதான் நன்றாகத் துடைக்கும் என்று எடுத்து, பஞ்சுக்குச்சியை நனைத்து இடது இறக்கையில் வைத்தாள். கறுப்பு அழகாக வந்தது. இரண்டாவது இழுப்பில் மஞ்சளும் சேர்ந்து வந்தது. பருப்பளவு இடத்தில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பல்லை இளித்தது.

போன் அடித்தது. நாத்தனார்.

"அண்ணி, உள்ளே கொண்டுபோறாங்க!"

"ரெண்டு மணின்னாங்களே!"

"வலி திரும்ப வந்துடுச்சு. ரிப்போர்ட்டுக்கெல்லாம் காத்திருக்க முடியாதாம். நீங்க வாங்க."

மஞ்சள் போன நேரமும் அவன் உள்ளே போன நேரமும் ஒன்று. தான்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. குச்சியைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். ஆஸ்பத்திரி லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று ஐந்து மாடியும் படியேறினாள்.

மூன்றரை மணி நேரம். விரலில் அந்தக் காரமான வாடை போகவில்லை. நாத்தனார் என்னவென்று கேட்டாள்; இவள் மஞ்சள் போனதைச் சொன்னாள்.

"அதுக்கும் இதுக்கும் என்ன அண்ணி சம்பந்தம்?"

"ஒண்ணும் இல்லைன்னு தெரியும். ஆனாலும் மனசு கேக்கலையே."

கதவு இரண்டு தடவை வேறு யாருக்காகவோ திறந்தது. மூன்றாவது தடவை இவர்களுக்காக. பிழைத்துவிட்டான் என்று டாக்டர் சொன்னபிறகும் அவள் சுவரை விட்டு நகரவில்லை.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தான். திருடியவள் போலத் தலைகுனிந்து விமானத்தைக் காட்டினாள்.

"எந்தப் பாட்டில்?"

"காரமா இருந்துச்சே, அது."

"அடிப்பாவி, அது பிரஷ் கழுவுறது!" என்று சிரித்து, தையல் வலிக்க நெஞ்சை அமுக்கிக்கொண்டான். "மிச்சத்தையும் நீயே துடை. எனக்குக் கை தூக்க வரலை."

"தேறினப்புறம் நீங்களே பண்ணுங்க."

"அப்புறம்னு சொல்ல எனக்கு இப்ப தைரியம் இல்லை."

அவள் உட்கார்ந்தாள். அவன் காட்டிய பாட்டிலில் நனைத்து, ஈரம் தெரியாத அளவுக்குக் காகிதத்தில் ஒற்றி, காற்று அடிக்கும் போக்கிலேயே முன்னாலிருந்து பின்னால் மெல்ல இழுத்தாள். பன்னிரண்டு நாள் காய்ந்த கறுப்பு லேசில் விடவில்லை. நாற்பது குச்சி போயிற்று. வலது இறக்கையின் அடியில் கொஞ்சம் கறை தங்கியே விட்டது.

ஒரு மாதம் கழித்து இடது இறக்கையில் அவன் மஞ்சள் தொட்டு வைத்தான்; நிறம் சரியாகச் சேரவில்லை, பகல் வெளிச்சத்தில் தெரியும். கம்பெனி அவனைக் குழியிலிருந்து எடுத்து, ஆபீஸில் போன் எடுக்கும் வேலையில் வைத்துவிட்டது. இப்போதெல்லாம் வாஷ் போடுவது அவன், துடைப்பது அவள். பக்கத்தில் அவன் இருமினால் குச்சியை எடுத்துவிட்டு நிமிர்வாள். ஒன்றுமில்லை என்று அவன் கையசைத்த பிறகுதான் மறுபடி குனிவாள்.