ஆளுக்கு ஒரு பாய் மட்டும்

பெட்டிக்குள் இருபத்துநாலு பீங்கான் கோப்பைகளை அடுக்கி, மூடி ஒட்டி, காதருகே தூக்கிக் குலுக்கினால் ஒரு பொட்டுச் சத்தம்கூட வரக்கூடாது. வந்தால் பிரித்துவிட்டு முதலிலிருந்து கட்ட வேண்டும். பார்சல் அக்காவுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே கொள்கை இதுதான். பீங்கான் கிடங்கில் பத்தொன்பது வருடமாக அவள் பெட்டி கட்டுகிறாள். அவள் கட்டிய பெட்டிகள் கப்பலேறி, பெயர்கூட வாயில் நுழையாத துறைமுகங்களுக்கெல்லாம் போயிருக்கின்றன. அவள் மட்டும் வீட்டுக்கும் கிடங்குக்கும் நடுவே ஒரே பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள்.

நாற்பத்தாறாவது வயதில் அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அவள் புருஷன் சொல்வான். மாலைக் கல்லூரியில் போய்ச் சேர்ந்ததைத்தான் அப்படிச் சொல்வான். வகுப்பில் மற்ற முப்பத்தாறு பேருக்கும் இருபது வயது, மிஞ்சினால் இருபத்திரண்டு. முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும் பாதி வகுப்பு எழுந்து நின்று வணக்கம் சொன்னது. அவள் நேரே கடைசிப் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து நோட்டைப் பிரித்த பிறகுதான், வந்தது டீச்சர் இல்லை என்று பிள்ளைகளுக்கு உறைத்தது. ஆளாளுக்கு அசடு வழிந்தார்கள்.

ஒரே மாதத்தில் அவளுடைய கைப்பை வகுப்புக்கே சொத்தாகிவிட்டது. ஊக்கு வேண்டுமா, அக்காவைக் கேள். தலைவலியா, அக்காவைக் கேள். பேனா எழுதவில்லை, பட்டன் அறுந்துவிட்டது, செருப்பு வார் பிய்ந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் அந்தப் பைக்குள் பதில் இருந்தது. 'பார்சல் அக்கா' என்று பெயர் வைத்தார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், கோபம் வராது.

பரீட்சை முடிந்ததும் மூன்று நாள் கடற்கரை விடுதிக்குப் போவதென்று வகுப்பு முடிவு செய்தது. அவர்கள் ஊரில் வருடத்தில் முக்கால்வாசி நாள் மழை, மீதி நாள் மூடாக்கு. துணி காய்ந்தால் அது செய்தி. அதனால் வெயிலடிக்கும் கடற்கரை என்றதும் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்புத் தலைவன் மாடிப்படியில் அவளை மடக்கினான். அவனுக்குப் பட்டப்பெயர் 'மைக்'. காதோடு ரகசியம் சொன்னாலும் மூன்றாவது மாடிக்குக் கேட்கும்.

"அக்கா, நீங்க கண்டிப்பா வரணும். நீங்க வர்றீங்கன்னு சொன்னாத்தான் எங்களை எல்லாம் வீட்ல விடுவாங்க!"

அவள் சிரித்துக்கொண்டே "சரிப்பா" என்றாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை. அவன் பொய் ஒன்றும் சொல்லிவிடவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

வேறு ஊரில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் அன்று ராத்திரி போனில் வந்தாள். இவள் ஒரே பிடிவாதமாக, "நான் போகல. அவங்க என்னையா கூப்பிடறாங்க? வாசலுக்குப் பூட்டு வாங்கற மாதிரி கூப்பிடறாங்க" என்றாள்.

"அம்மா, உன் ரோல் நம்பர் என்ன?"

"முப்பத்தேழு. எதுக்குக் கேக்கற?"

"அப்போ முப்பத்தேழா போ. அம்மாவா போகாத. அங்க போய் ஒருத்தனுக்கும் தலை துவட்டி விடக்கூடாது. ஒருத்திக்கும் மாத்திரை எடுத்துக் கொடுக்கக்கூடாது. மூணே நாள். சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் பண்ணினாள். பண்ணிவிட்டு, தன்னால் முடியுமா என்று தானே கவலைப்பட்டாள். பெண் பிறந்து இருபத்துமூன்று வருடம் ஆகிறது. நடுவில் அம்மா வேலைக்கு ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. ஆனால் ஆசை வந்துவிட்டது. மூன்று நாள் யாருக்கும் அம்மாவாக இல்லாமல், வகுப்பில் ஒருத்தியாக, வெயிலில் சும்மா கிடக்க வேண்டும். ஒரு தடவையாவது.

இங்கேதான் மைக் அனுப்பிய செய்தி வந்து சேர்ந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிற கூட்டம் அது. அந்த எழுத்தில் வந்த 'அஞ்சு' ஐந்து மணியா, ஒரு பெண் பெயரா என்று அவள் ஏற்கெனவே ஒரு தடவை திணறியிருக்கிறாள். இந்தச் செய்தியின் நடுவில் மூன்றே எழுத்தில் ஒரு சொல் இருந்தது: பி, ஏ, ஐ. அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்: 'ஆளுக்கு ஒரு பாய் மட்டும். அதுக்கு மேல கொண்டுவந்தா பஸ்ல ஏத்த மாட்டாங்க.'

"பாயா? விடுதியில கட்டில் இருக்காதா?" என்றான் புருஷன். அவன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டான்.

"ஒரு ரூமுக்கு ஆறு பேர். கட்டில் பத்தாதில்ல? தரையில படுக்கணும்."

"சரி, ரெண்டு பாய் எவன் கொண்டுவரப் போறான்? அதுக்கு ஏன் இவ்வளவு மிரட்டல்?"

"சில பேருக்கு முதுகு வலிக்கும், ஒண்ணு மேல ஒண்ணு போட்டுப் படுப்பாங்க. உங்களுக்கு என்ன தெரியும்?"

போனை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்த அவனும், "பாய்தான் போட்டிருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். மறுநாளே அவள் கடைக்குப் போய் நீலக் கோடு போட்ட கோரைப்பாய் ஒன்று வாங்கி வந்தாள். பைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை என்பதால் பைகளுக்குக் கணக்கே இல்லை என்று முடிவு கட்டினாள்.

முதல் பை அவளுடையது. மகள் தபாலில் அனுப்பிய முழுக்கை நீச்சல் உடை, அகன்ற விளிம்பு வைத்த தொப்பி, இரண்டு பருத்திச் சட்டை. அதோடு முடிந்திருக்க வேண்டும். கை சும்மா இருந்தால்தானே? துண்டு ஒன்று வைத்தவள் இன்னொன்று வைத்தாள். ஆறாவது துண்டை மடிக்கும்போது புருஷன் கதவோரம் நின்று, "உனக்கு எத்தனை தலை?" என்று கேட்டான்.

"எல்லாம் எனக்குத்தான். நனைஞ்சா காய வேண்டாமா?"

அப்படியானால் கொடிக்கயிறு வேண்டும். கயிறு இருந்தால் கிளிப் வேண்டும். காய்ந்த துணி கசங்கும், ஆகவே இஸ்திரிப் பெட்டி. வகுப்பில் கடல் தண்ணீர் பட்டால் தும்முகிற ஒரு பெண்ணுக்கு மாத்திரை, அதாவது தனக்கே தும்மல் வந்தால். வெயில் பட்டுத் தோல் உரிந்தால் களிம்பு, காலில் சிப்பி கிழித்தால் பஞ்சு, பசித்தால் பிஸ்கட் இருபது பாக்கெட். எல்லாம் தனக்குத்தான் என்று அவள் தன்னையே ஏமாற்றிக்கொண்டு கட்டினாள். இடுக்குகளில் காகிதம் சுருட்டித் திணித்தாள். கடைசியில் நாலு பை. ஒவ்வொன்றையும் காதருகே தூக்கிக் குலுக்கினாள். ஒன்றிலும் மூச்சுப் பேச்சில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் மகள் வீடியோவில் வந்து, "பேக்கிங்கைக் காட்டு" என்றாள். இவள் முதல் பையை மட்டும் காட்டினாள். மற்ற மூன்றும் கட்டிலுக்கடியில் இருந்தன. பின்னால் நின்ற புருஷனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. அவள் காலால் ஒரு உதை விட்டதும் நின்றது.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கல்லூரி வாசலில் பஸ் நின்றது. மைக் வரிசை எண்ணைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆட்களை ஏற்றினான். "பதினாலு! ஏய் பதினாலு, தூங்கறியா? முப்பத்தாறு! சரி, அக்கா வந்தாச்சா?" முப்பத்தேழு என்று அவன் கூப்பிடவில்லை. அவள் அதைக் கவனித்தாள்.

புருஷனின் கம்பெனி வேனிலிருந்து ஒவ்வொன்றாக நாலு பைகள் இறங்கின. கடைசியில் பாய் இறங்கியது. மைக் ஓடி வந்தான்.

"அக்கா, ஆளுக்கு ஒரு பைதான்னு போட்டிருந்தேனே?"

"அதான் கொண்டுவந்திருக்கேனே." அவள் பாயைத் தூக்கிக் காட்டினாள். "ஒண்ணுதான். ரெண்டாவது இல்ல."

மைக் பாயைப் பார்த்தான், பைகளைப் பார்த்தான், போனைப் பார்த்தான். பிறகு அவன் சிரித்த சிரிப்புக்குத் தெருக்கோடியில் ஒரு நாய் எழுந்து நின்றது. விஷயம் புரிந்ததும் பஸ் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டது. பார்சல் அக்காவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. புருஷன் தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதவன்போல வேனின் டயரை ஆராய்ந்தான்.

பஸ் டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு ஆளுக்கு ஒரு பை. மத்ததெல்லாம் இங்கயே. பத்து நிமிஷம்தான்" என்றார்.

பத்து நிமிடம் அவளுக்கு எதேஷ்டம். நடைபாதையிலேயே உட்கார்ந்து நாலு பைகளையும் பிரித்தாள். பிரித்ததுதான் தாமதம், பஸ்ஸிலிருந்து ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் நீண்டன.

"அக்கா, அந்தத் துண்டுல ஒண்ணு எனக்கு! நான் மறந்துட்டேன்."

"அக்கா, தும்மல் மாத்திரை வச்சிருக்கீங்களா? அய்யோ, நீங்க தெய்வம்!" இதைச் சொன்னவள் கடல் தண்ணீர் பட்டால் தும்முகிறவளேதான்.

"அக்கா, இஸ்திரிப் பெட்டிய விட்டுடாதீங்க!"

அவள் கை தானாக வேலை செய்தது. ஆறு துண்டு உள்ளே போனது. மாத்திரை, களிம்பு, பஞ்சு, கயிறு எல்லாம் ஓரத்தில் கச்சிதமாக உட்கார்ந்தன. பிஸ்கட்டுக்கும் இடம் கிடைத்தது. பை நிறைந்தது. வெளியே மிஞ்சியவை நீச்சல் உடையும் தொப்பியும். தொப்பியை மடிக்க முடியாது, அமுக்கினால் உடைந்துவிடும். பீங்கான் மாதிரிதான். அவள் அதை எடுத்துப் புருஷனிடம் நீட்டினாள்.

"இதை வீட்டுக்குக் கொண்டுபோயிடுங்க."

அவன் வாங்கினான். ஒரு நிமிடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் எத்தனை தலை என்றெல்லாம் கேட்காமல் அவள் தலையில் வைத்து அழுத்தினான். "இதுக்குப் பை எதுக்கு?" என்றான்.

அவளுக்கு மகள் ஞாபகம் வந்தது. சத்தியம் பண்ணி முழுதாக இரண்டு வாரம் ஆகவில்லை. இன்னும் பஸ்ஸே ஏறவில்லை, அதற்குள் முப்பத்தேழை நடைபாதையில் விட்டுவிட்டு அம்மாவைக் கட்டி ஏற்றப் பார்த்தாளே! அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். நீச்சல் உடை, இரண்டு சட்டை, ஒரே ஒரு துண்டு மட்டும் உள்ளே வைத்தாள். ஜிப்பை இழுத்தாள். மீதி எல்லாவற்றையும் வேனில் ஏற்றச் சொன்னாள்.

"அக்கா, என் துண்டு!" என்று ஜன்னலிலிருந்து மைக் அலறினான்.

"கடை இருக்கும், வாங்கிக்கோ."

பழக்க தோஷத்தில் பையைக் காதருகே தூக்கிக் குலுக்கினாள். உள்ளே பாதி காலி. துணிகள் உருண்டு பொத்பொத்தென்று சத்தம் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

"இது என்ன?" என்று டிரைவர் பாயைக் காட்டினார்.

"பாய். நீங்க பைக்குத்தானே ரூல் சொன்னீங்க?"

டிரைவர் யோசித்துப் பார்த்தார். பாய்க்கு அவரிடம் ரூல் இல்லை. அது பஸ் ஏறியது.

கடற்கரையில் வெயில் வெளுத்து வாங்கியது. விடுதிக்காரர்கள் போட்டிருந்த சாய்வு நாற்காலிகளையெல்லாம் முன்னாலேயே வந்த வேறு கூட்டம் பிடித்துவிட்டது. மணலில் கால் வைத்தால் சுட்டது. பிள்ளைகள் ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து இடம் தேடினார்கள். பார்சல் அக்கா நீச்சல் உடையில் வந்து, தண்ணீருக்குப் பக்கத்தில் நீலக் கோட்டுப் பாயை உதறிப் போட்டாள். நடுவில் மல்லாந்து படுத்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டாள். யாராவது அவளைத் தேடி வரும் வரை, ஒரு ஐந்து நிமிடம், அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"அக்கா, சுடுதுக்கா. கொஞ்சம் தள்ளிப் படுங்களேன்." மைக்கின் குரல். அவன் பின்னால் தும்முகிறவளும் இன்னும் நாலைந்து பேரும் வரிசையாக நின்றார்கள்.

அவள் உடம்பு கேட்ட மாத்திரத்தில் ஓரத்துக்கு நகர்ந்தது. பஸ்ஸில், கட்டிலில், கிடங்கு மேஜையில், எங்கேயும் யார் கேட்டாலும் நகர்ந்த உடம்பு அது. பாயின் விளிம்பு முதுகில் பட்டதும்தான் அவளுக்கு விழிப்பு வந்தது. மெதுவாகப் பழையபடி நடுவுக்கு வந்தாள். கையையும் காலையும் நன்றாக அகட்டி வைத்துக்கொண்டாள்.

"ஆளுக்கு ஒரு பாய்னு மெசேஜ் வந்துச்சே. நீ பாக்கலையா?" என்றாள் தொப்பிக்குள்ளிருந்து.

மைக் சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றி வைத்தான். பின்னால் நின்றவள் சிரித்து, சிரிப்பிலேயே தும்மினாள்.

"ஏய் முப்பத்தேழு!" என்று கடற்கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினான் அவன். "இது அநியாயம்!"

"அநியாயம்தான்" என்றாள் முப்பத்தேழு. அசையவில்லை.