அந்தக் க வேறு

கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. பிடித்ததைப் போடும் பறி என்ற ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். காசியம்மாளுக்கும் அவள் அப்பா கருப்பனுக்கும் இது வசதியாகப் போயிற்று. விவாகரத்துக்குக் கோர்ட்டுப் படியேறியவள் என் பெண்ணே இல்லை என்று ஊர் கேட்கச் சொன்ன மனிதர், அதோடு அவளிடம் பேச்சை நிறுத்தி இரண்டு வருடம். வீம்புக்குப் பிறந்தவர். ஆனால் அவள் வடித்த சோற்றை மட்டும் வேண்டாம் என்றதில்லை.

ஏரியில் இறங்கிவிட்டால் காசியம்மாள் பாதித் தூக்கத்தில் இருப்பாள். வெதுவெதுப்பான சேற்றில் விரல்கள் தாமாக நகரும். உடம்பு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. தூரத்தில் பசியாவரம் தீவு வெயிலில் மிதக்கும். தண்ணீருக்குள் அவள் யாருக்கு மனைவி, யாருக்கு மகள் என்று கேட்க ஆளில்லை. கரையேறினால் குடும்ப அட்டை கேட்கும். அதில் இன்னும் கதிர்வேலுவின் மனைவி க. காசியம்மாள்தான்.

தீர்ப்பு கைக்கு வந்ததும், அவன் பெயரை எடுத்துவிட்டு அப்பாவின் குடும்ப அட்டையில் மகளாகச் சேர ஆசைப்பட்டாள். அதற்குக் கருப்பனின் போனுக்கு ஓர் எண் வரும். அவர் சம்மதித்து அதைச் சொல்ல வேண்டும்.

"நைனா, இன்னிக்கி உன் போனுக்கு ஆறு நம்பர் வரும். பாத்துச் சொல்லு" என்று காலையில் சொன்னாள். அவர் காது கேளாதவர் மாதிரி பறியை எடுத்துக்கொண்டு போனார்.

திருப்பாலைவனத்துக் கம்ப்யூட்டர் கடையில் ஜாக்குலின் என்ற பெண் விண்ணப்பத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"புருசன் பேரும் க, அப்பா பேரும் க. இனிஷியல் அப்டியேதானக்கா இருக்குது? இதுக்கா அலையுற?"

"அந்தக் க வேற, இந்தக் க வேற" என்றாள் காசியம்மாள்.

ஜாக்குலின் பொத்தானைத் தட்டினாள். "பத்து நிமிசம்தான். அதுக்குள்ள சொல்லணும்."

காசியம்மாள் அப்பாவுக்குப் போன் போட்டாள். முதல் முறை மணி அடித்து ஓய்ந்தது. சொல்லமாட்டார் என்றே நினைத்தாள். இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை எதிர்முனையில் காற்று இரைந்தது. நடுவே ஓர் இருமல்.

"நைனா?"

பிறகு, எழுத்துக் கூட்டிப் படிப்பவர் மாதிரி ஒவ்வொன்றாக வந்தது. "நாலு... ரெண்டு... சைபரு... ஒம்போது... ஒம்போது... ஏழு."

அவள் திருப்பிச் சொல்லச் சொல்ல ஜாக்குலின் அடித்தாள். திரையில் பச்சையாக ஏதோ வந்தது. "முடிஞ்சிதுக்கா" என்றாள்.

காசியம்மாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சரியா கேக்கல நைனா. இன்னொரு தபா சொல்லு."