பத்துமலைக்குத் தெரியாத காய்கள்

மலேசியாவின் சித்தியவான் பக்கம் ரப்பர் மரம் சீவிய பத்துமலை, கண்புரை நன்றாக முற்றிய பிறகுதான் அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தார். திரும்பி வந்த பார்வை சில ஆண்டுகளில் மறுபடியும் மங்கியது. தினமும் டாம் என்னும் கட்டக்காய் ஆட்டம் ஆட வரும் பக்கத்து வீட்டுக் கஸ்பாருக்கு அது வசதியாகப் போயிற்று. காய்களைத் திருட்டுத்தனமாக நகர்த்தியே ஜெயித்துக்கொண்டிருந்தார்.

பத்துமலை தனியாக ஈப்போவுக்குப் போய்க் கண்ணைக் காட்டினார்.

"வச்ச லென்ஸ் நல்லாத்தான் இருக்கு ஐயா. பின்னால உள்ள சவ்வுதான் மங்கிடுச்சு," என்ற டாக்டர், லேசரால் அதில் சிறு துளை போட்டார். மறுநாளே எதிர்வீட்டுக் கொடியில் காயும் சட்டையின் பொத்தான்கூடத் தெரிந்தது. கஸ்பாரிடம் மட்டும் பத்துமலை மூச்சு விடவில்லை.

அன்று மாலை கஸ்பார் வழக்கம்போல் ஒரு காயை நைசாக நகர்த்தினார். உடனே பத்துமலை, "இது யாரு காயி? ஒண்ணும் தெரியலலா," என்று தடவித் தடவி கஸ்பாரின் காய்களையெல்லாம் தன் பக்கம் சேர்த்தார். தன் திருட்டு உறுத்தியதால் கஸ்பார் விட்டுக்கொடுத்தார். தொடர்ந்து தோற்றுச் சலித்தவர், ஒருநாள் காரை எடுத்து வந்தார்.

"ஏறுங்கண்ணே, கண் டாக்டர்கிட்ட போலாம்."

ஈப்போவில் அதே டாக்டர் சோதித்துவிட்டுச் சிரித்தார். "லேசர் போட்டதிலேர்ந்து பார்வை பளிச்சுன்னு இருக்கே."

கஸ்பார் மெல்லத் திரும்பினார். "அப்போ என் காயெல்லாம்?"

"நீ நகத்துனதும் பளிச்சுன்னுதான் தெரிஞ்சிச்சுலா," என்றார் பத்துமலை.