காயாத அலமாரி

அத்தைக்குச் சீராகத் தருவதாகச் சொன்ன அலமாரியைத் தச்சர் கல்யாணத்துக்குள் முடித்துக் கொடுக்கவில்லை. பின்னால் அனுப்பிவைக்கிறோம் என்று அப்பா சொன்னதைச் சம்பந்தி வீட்டார் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு ஒரு வைகாசியில், வந்தால் அலமாரியோடு வா என்று சொல்லி, பெரம்பலூருக்கு அந்தப் பக்கம் இருந்த அவர்கள் ஊரிலிருந்து அரியலூரில் எங்கள் வீட்டுக்கு அத்தையை வண்டியேற்றிவிட்டார்கள்.

அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. அவள் வந்தது எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் வந்திருந்தாள். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். கிணற்றடி என்றால் வழுக்கத்தான் செய்யும் என்று நானும் நம்பினேன்.

அவள் வந்த சில நாளில் அலமாரியும் வந்தது. வேப்பமரத்தில் செய்து, வர்ணம் பூசாமல் வெறும் மரமாகவே தச்சர் இறக்கிவிட்டுப் போனார். அப்போது உலகச் சண்டைக் காலம். மண்ணெண்ணெய்க்கே அலைந்துகொண்டிருந்தோம். அப்பா ரயிலடிப் பக்கம் யாரையோ பிடித்து ஒரு பெரிய டின் பச்சை பெயின்ட் வாங்கி வந்தார். அடிப்பதற்கு ஆள் கூப்பிடப் போனவரை அத்தை தடுத்தாள். “எனக்கு வர்ற சாமான்தானே அண்ணே, நானே அடிச்சுக்கிறேன்” என்றாள்.

முதல் பூச்சு பார்க்கச் சகிக்கவில்லை. பெயின்ட் கெட்டியாக இருந்ததால் பிரஷ் போன வழியெல்லாம் உழுத வயல் மாதிரி வரி வரியாக நின்றது. போதாததற்கு ஆனிக் காற்று தெருப்புழுதியைக் கொண்டுவந்து அதன்மேல் தூவிவிட்டது. அத்தை அசரவில்லை. காயவிட்டு, உப்புத்தாளால் எல்லாவற்றையும் தேய்த்தாள். அடுத்த பூச்சுக்கு முன்னால் பெயின்ட்டை டர்பன்டைன் விட்டு இளக்கி, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினாள். தூசி கிளம்பாமலிருக்கத் தரையில் தண்ணீர் தெளித்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். பிரஷின் நுனியை மட்டும் தோய்த்து, இடது கையாலேயே மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. இழுத்த இடத்துக்குத் திரும்பிப் போகவே கூடாது. ஈரத்தில் பிரஷின் மயிர் ஒன்று ஒட்டிக்கொண்டால் ஊசி முனையால் எடுப்பாள்.

பூச்சு காய்ந்ததும் என்னைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொல்வாள். எனக்கு எல்லாம் வழவழவென்றுதான் இருக்கும். அவள் தடவினால் மட்டும் எங்காவது ஒரு சொரசொரப்பு அகப்படும். மறுபடியும் உப்புத்தாள், மறுபடியும் பூச்சு. வேலை ஆச்சாம்மா என்று அப்பா கேட்கும்போதெல்லாம், கதவில் ஒரு கொசு ஒட்டியிருக்கும், அல்லது ஓரத்தில் ஒரு சொட்டு வழிந்திருக்கும். நல்ல வேலைக்கு இவ்வளவு நாள் பிடிக்கும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கும் அத்தைக்கும் ஆகாது. பெயின்ட் நாற்றத்தில் சோறு இறங்கவில்லை என்று அம்மா நாள் முழுக்க முணுமுணுத்தபடி இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை அத்தைக்கு முதுகில் எண்ணெய் தேய்த்துவிடப் போனவள், எண்ணெய்க் கிண்ணத்தோடு வெளியே வந்து, கிணற்றடியில் விழுந்தால் முதுகெல்லாமா கோடு விழும் என்று அப்பாவிடம் கேட்டாள். அன்றைக்குப் பிறகு நாற்றத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஆனிக் கடைசியில் அலமாரி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அதில் என் முகம் பச்சையாகத் தெரிந்தது. அத்தைக்கே இனிக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அன்று காலை வைக்கோல் பரப்பிய வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. அத்தையின் மாமியாரும் அவருடைய தம்பியும் இறங்கினார்கள். மறுநாள் ஆடி பிறக்கிறது, அதற்குள் மருமகளையும் அலமாரியையும் அழைத்துப் போக வந்திருக்கிறோம் என்றார்கள். அப்பா அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மேல்துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார். அத்தை கொல்லைப்புறம் போய்விட்டாள்.

அலமாரியைக் கடைசியாக ஒரு தடவை தடவிப் பார்க்கலாமென்று உள்ளே ஓடினேன். அங்கே அம்மா நின்றுகொண்டிருந்தாள். இதுவரை பிரஷைத் தொட்டே அறியாதவள், டின்னின் அடியில் கெட்டியாகக் கிடந்த பெயின்ட்டை அள்ளி அள்ளிக் கதவில் அப்பிக்கொண்டிருந்தாள். சாணி மெழுகுவதுபோல் மேலும் கீழும் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தாள். கண்ணாடி போயிற்று. நான் வாயைத் திறப்பதற்குள் பிரஷை அலமாரிக்குப் பின்னால் எறிந்துவிட்டு, கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மாமியார் உள்ளே வந்தார். “இன்னும் காயலீங்க சம்பந்தி. இப்பத்தான் கடைசிப் பூச்சு அடிச்சோம்” என்றாள் அம்மா.

இந்த வெயிலில் காயாமல் என்ன என்று சொல்லிக்கொண்டே அவர் கதவில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தபோது கை முழுக்கப் பச்சை. கதவில் அந்தக் கை அப்படியே பதிந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை பீறிட்டது. எல்லாம் கெட்டுப்போச்சு, எல்லாம் கெட்டுப்போச்சு என்று தரையில் விழுந்து அழுதேன். அம்மாவின் முகம் வெளிறிப்போயிற்று. மாமியாரோ, தன் கை பட்டுக் கெட்டதற்காகத்தான் நான் அழுகிறேன் என்று எடுத்துக்கொண்டு, “அழுவாதடி கண்ணு, நான் வேணுமின்னா வெச்சேன்?” என்று என்னைச் சமாதானப்படுத்தினார். அதற்குப் பிறகு அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

வழியெல்லாம் வைக்கோலும் புழுதியும் ஒட்டிக்கொண்டால் அலமாரி எதற்கு ஆகும் என்று தம்பிக்காரர் சொன்னார். அலமாரி இல்லாமல் மருமகளை மட்டும் அழைத்துப் போக மாமியாருக்கு மனமில்லை. ஆடியில் பெண்ணை அனுப்பும் வழக்கமும் கிடையாது. மண்ணெண்ணெயில் கையைத் துடைத்துக்கொண்டு, ஆவணியில் வருவதாகச் சொல்லி வண்டியேறினார்கள்.

ஆவணியில் அவர்கள் வரவில்லை. அவர்கள் ஊர்ப் பக்கம் செட்டிகுளம் மலைக்கோயிலுக்குப் போய்த் திரும்பிய உறவுக்காரர் ஒருவர்தான் சேதி கொண்டுவந்தார். அத்தையைக் கட்டியிருந்த மாமா வேறு ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டுவிட்டாராம். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். வந்தவர் தெருமுனை திரும்பும்வரை அப்படியே இருந்தார். பிறகு எழுந்து, பசிக்கிறது என்றார். இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அடுப்படியில் அம்மாவும் அத்தையும் கட்டிக்கொண்டு அழுதார்கள். எட்டிப் பார்த்தபோது அழுகை நின்று, இருவரும் வாயில் முந்தானையை வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். துக்கம் முற்றினால் பெரியவர்களுக்கு இப்படி ஆகும்போலும் என்று பேசாமல் வந்துவிட்டேன்.

எனக்கு அலமாரிக் கவலைதான். மறுநாள் உப்புத்தாளை எடுத்துக்கொண்டுபோய், அம்மா இழுத்த கோடுகளையெல்லாம் தேய்த்து எடுத்துவிடலாமா என்று அத்தையிடம் கேட்டேன். அவள் அந்த மேடுபள்ளங்களின்மேல் மெதுவாகக் கையை ஓட்டினாள்.

“வேண்டாண்டி, இது இப்படியே இருக்கட்டும்.”

ஒரு கொசு ஒட்டினாலே பொறுக்காதவள் இப்படிச் சொல்கிறாளே என்று எனக்கு ஆறவேயில்லை. அத்தைக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று முடிவுகட்டினேன்.