செத்தவர் பேசிய பாஷை

பாகலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. செத்தவர் வாழ்நாளில் எந்தப் பாஷை பேசினாரோ, அந்தப் பாஷையில்தான் ஒப்பாரி வைக்க வேண்டும். வேறு பாஷையில் அழுதால் போகிற உயிருக்குக் கேட்காது என்பார்கள். என் அம்மாவுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அழத் தெரியும். ஒன்றிலும் எழுதப் படிக்கத் தெரியாது.

ஐம்பதுகளின் நடுவில், மனிதர்களின் பேச்சையும் பழக்கத்தையும் ஆராய்கிறவர் என்று பட்டணத்திலிருந்து ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். நாங்கள் கூலிக்குப் போகும் பண்ணையின் சொந்தக்காரரே அவரைக் களத்துக்குக் கூட்டி வந்தார். நானும் அம்மாவும் கேழ்வரகு அடித்துக்கொண்டிருந்தோம்.

"ஒப்பாரி ஒண்ணு பாடு. ஐயா எழுதிக்குவாரு" என்றார் பண்ணைக்காரர்.

"யாரு செத்துட்டாங்க சாமி?" என்று கேட்டாள் அம்மா.

"யாரும் சாவல. சும்மா பாடு."

"ஆளு தெரியாம எந்தப் பாஷையில அழுவுறது? நீங்களே ஒரு பேரச் சொல்லுங்க, அழுவுறன்."

பண்ணைக்காரரின் முகம் சுண்டிப்போயிற்று. வந்தவரோ, இந்த ஊரில் ஒப்பாரி கிடையாது என்று எழுதிக்கொள்வதாகச் சொல்லி நோட்டை மூடினார். படித்த மூளை, என்ன செய்வது. மறுநாள் முதல் எங்களுக்கு அந்தப் பண்ணையில் வேலை இல்லை. பல நாள் வெறும் கூழோடு படுத்தோம். ஆனாலும் அம்மாவை நினைத்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தக் கோடையில் பண்ணைக்காரரின் தாயார் இறந்துபோனார். அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த கன்னடக்காரர் அவர். அந்த வீட்டில் தெலுங்கைத் தவிர வேறு பேசக் கூடாது. வயலுக்கு வரும்போது மட்டும் அம்மாவிடம் கன்னடத்தில் வாய் ஓயாமல் பேசுவார்.

அம்மாவுக்கு ஆள் அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன்.

"எங்க வூட்டுச் சாவு. தெலுங்குல அழு. நாளையிலருந்து வேலைக்கும் வா" என்றார் பண்ணைக்காரர்.

"செத்தது நீங்க இல்ல சாமி. அவங்களுக்குக் கேக்கணும்."

வாசலுக்கு வெளியே, எங்களுக்கென்று விட்டிருந்த இடத்தில் அம்மா உட்கார்ந்தாள். ஒப்பாரியைக் கன்னடத்திலேயே எடுத்தாள். பண்ணைக்காரர் விரட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் இரண்டு எட்டு வைத்தார், நின்றார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தாயைக் கூப்பிட்டு அழுதார். அவர் வாயில் கன்னடம் வந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.